சுவரின் இருபுறச் சான்றுகள்

உரைநடைப் பாடம்: பிரிந்த நகரின் வரலாற்றை இணையவழி ஆராய்தல்

நுழையும்முன்

ஒரு நிகழ்ச்சியைக் கண்ட இருவர் அதனை ஒரே வகையாகச் சொல்வதில்லை. ஒரு நகரமே இரண்டாகப் பிரிந்து, இரண்டு ஆட்சிகளின்கீழ்ப் பல்லாண்டுகள் இருந்தால், அந்நகரின் வரலாறும் இரண்டு வகையாக எழுதப்படும். ஜெர்மனியின் பெர்லின் அத்தகைய நகரம். அந்நகரைப் பற்றிய ஆவணங்கள், ஒளிப்படங்கள், நிலப்படங்கள், காணொலிகள் ஆகியவற்றை இந்தியாவில் படிக்கும் மாணவரும் இன்று இணையத்தில் காணலாம். காண்பது எளிது, கண்டதை எடைபோடுவது அரிது. கேட்டதை அப்படியே ஏற்காமல் ஆராய்ந்து கொள்ளும் பண்பினைத் திருக்குறளின் அறிவுடைமை அதிகாரம் வலியுறுத்துகிறது. அப்பண்பினை வரலாற்று ஆய்வில் கைக்கொள்ளும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

நகரம் பிரிந்த கதை

1945ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. போரில் வென்ற அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கு நாடுகள் ஜெர்மனியை நான்கு மண்டலங்களாகப் பிரித்து ஆண்டன. தலைநகர் பெர்லின் சோவியத் மண்டலத்தின் உள்ளே இருந்தது. ஆயினும் அந்நகரமும் நான்கு பகுதிகளாகப் பங்கிடப்பட்டது.

1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் சோவியத் ஒன்றியம் நகரின் மேற்குப் பகுதிகளுக்குச் செல்லும் சாலை, ரயில், நீர்வழிகளை அடைத்தது. மேற்கு நாடுகள் ஏறத்தாழ ஓராண்டுக் காலம் உணவையும் நிலக்கரியையும் வானூர்திகளில் கொண்டு சேர்த்தன. 1949இல் மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என இரண்டு நாடுகள் தோன்றின. அவ்வாண்டு முதல் 1961 வரை ஏறத்தாழ 27 இலட்சம் மக்கள் கிழக்கு ஜெர்மனியைவிட்டு வெளியேறினர். நாட்டின் எல்லை அடைக்கப்பட்ட பின்னரும் பெர்லின் நகருக்குள் கிழக்கிலிருந்து மேற்கே செல்ல முடிந்தது. எனவே பலரும் அவ்வழியே சென்றனர்.

1961ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் கிழக்கு ஜெர்மன் அரசு நகரின் குறுக்கே முள்வேலி இட்டது. வேலி பின்னர்ச் சுவராயிற்று. மேற்கு பெர்லினைச் சுற்றி அமைந்த அவ்வெல்லையின் நீளம் ஏறத்தாழ 155 கிலோமீட்டர். பெர்னவர் தெருவில் ஒருபுறத்து வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை; அவ்வீடுகளின் முன்னிருந்த நடைபாதையோ மேற்கைச் சேர்ந்தது. வாயில்கள் அடைக்கப்பட்டபோது மக்கள் சன்னல்கள் வழியே மேற்கே குதித்தனர். அவ்வாறு குதித்தவர்களுள் சிலர் உயிரிழந்தனர்.

1989ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் இரவு எல்லை திறக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றாயின.

பெயரே முதற்சான்று

இச்சுவரைக் கிழக்கு ஜெர்மன் அரசு 'பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்' என்று அழைத்தது. மேற்கில் இருந்தோர் 'அவமானச் சுவர்' என்றனர். அரண் என்பது பகைவரை வெளியே நிறுத்துவது. இச்சுவரோ தன் மக்களை உள்ளே நிறுத்தியது. ஒரு பொருளுக்கு இடப்பட்ட பெயரிலேயே பெயரிட்டவரின் நோக்கம் அடங்கியுள்ளது.

நகரின் பெயரும் அவ்வாறே மாறியது. கிழக்கு பெர்லினை அதன் அரசு 'தலைநகர் பெர்லின்' என்று எழுதியது. மேற்குப் பகுதியை 'மேற்குபெர்லின்' எனத் தனி ஊர்போல ஒரே சொல்லாக எழுதியது. மேற்கில் இருந்தோர் நகரம் ஒன்றே என்பதை உணர்த்த, பெர்லின் என எழுதி அடைப்புக்குறிக்குள் மேற்கு என்று குறித்தனர். ஆகவே ஆவணம் ஒன்றில் ஆசிரியர் பெயர் இல்லாவிடினும், அது நகரை எவ்வாறு குறிக்கிறது என்பதைக் கொண்டு எப்பக்கத்தில் எழுதப்பட்டது என ஓரளவு உய்த்துணரலாம்.

இணையத்தில் தேடும் மாணவருக்கு இது மிகவும் பயன்படும். 'சுவர்' என்று மட்டும் தேடினால் ஒரு பக்கத்துச் சான்றுகளே மிகுதியாகக் கிடைக்கும். 'பாதுகாப்பு அரண்' என்றும் தேடினால் மறுபக்கத்துச் சான்றுகள் வெளிப்படும். இடப்பெயர்களையும் காலத்திற்கேற்பத் தேடுதல் வேண்டும். இன்று கார்ல் மார்க்ஸ் பெருஞ்சாலை எனப்படுவது 1961 வரை ஸ்டாலின் பெருஞ்சாலை எனப்பட்டது. 1953ஆம் ஆண்டுச் செய்தியை இன்றைய பெயரால் தேடுபவருக்கு அக்காலச் செய்திகள் பல கிட்டாமற்போகும்.

மெய்யான ஆவணம், பொய்யான கூற்று

நிகழ்ச்சி நடந்த காலத்திலேயே உருவானவை முதன்மைச் சான்றுகள் எனப்படும். கடிதம், அரசாணை, ஒளிப்படம், நாளிதழ்ச் செய்தி ஆகியவை இவ்வகையின. அவற்றைக் கொண்டு பிற்காலத்தார் எழுதுபவை துணைமைச் சான்றுகள் எனப்படும். பாடநூல், கலைக்களஞ்சியக் கட்டுரை ஆகியவை இவ்வகையின. முதன்மைச் சான்று என்பதாலேயே அதில் உள்ளதெல்லாம் உண்மையாகிவிடாது.

1961ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் கிழக்கு ஜெர்மனியின் தலைவர் வால்டர் உல்பிரிக்ட் செய்தியாளர்களைச் சந்தித்தார். சுவர் எழுப்பும் எண்ணம் எவருக்கும் இல்லை என்று அவர் கூறினார். அதன்பின் இரண்டு மாதம் முடிவதற்குள் எல்லை அடைக்கப்பட்டது. அக்காணொலி மெய்யானது; அதில் உள்ள கூற்று மெய்யன்று. எனினும் அப்பதிவு வரலாற்றுக்குப் பயனற்றதாகிவிடவில்லை. அரசு தன் மக்களிடம் எதனைச் சொல்ல விரும்பியது என்பதற்கு அதுவே சான்று.

அப்பதிவில் இன்னொரு செய்தியும் உண்டு. செய்தியாளர் கேட்டது எல்லையைப் பற்றியே. 'சுவர்' என்னும் சொல்லை முதலில் எடுத்தவர் உல்பிரிக்டே. விடையை மட்டும் வெட்டிக் காட்டும் சிறு காணொலிகளில் இது புலப்படாது. வினாவையும் சேர்த்துக் கேட்பவருக்கே புலப்படும். ஆகவே துணுக்கைக் கண்ட மாணவர் முழுப் பதிவையும் தேடுதல் நன்று.

ஒளிப்படம் சொல்வதும் சொல்லாததும்

1961ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், கான்ராட் ஷூமன் என்னும் 19 வயது எல்லைக் காவலர் முள்வேலியைத் தாண்டி மேற்கே குதித்தார். பீட்டர் லைபிங் எடுத்த அந்த ஒளிப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. அதே நாள்களில் கிழக்கு ஜெர்மனி வெளியிட்ட படங்களில், பிராண்டன்பர்க் வாயிலின் முன் ஆயுதம் ஏந்திய தொழிலாளர் படையினர் மேற்கு நோக்கி நிமிர்ந்து நின்றனர். இரண்டு காட்சிகளும் நடந்தவையே. ஒன்று தப்பிச் செல்பவரைக் காட்டியது. மற்றொன்று காவல் நிற்பவரைக் காட்டியது. எதனைப் படமெடுப்பது, எதனை வெளியிடுவது என்பதை ஒவ்வொரு பக்கமும் தேர்ந்துகொண்டது.

படத்தின் கீழுள்ள குறிப்பையும் ஐயத்துடன் படித்தல் வேண்டும். ஜெர்மனியின் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் 2008ஆம் ஆண்டு 80,000க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா பொதுவகத்திற்கு வழங்கியது. அவற்றுள் கிழக்கு ஜெர்மனியின் அரசுச் செய்தி நிறுவனப் படங்களும் பல உள்ளன. அப்படங்களுக்கு அக்காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகளைக் காப்பகம் பெரும்பாலும் மாற்றவில்லை. அவை பிழையாகவோ ஒருபக்கச் சார்பாகவோ இருக்கலாம் என்று தானே எச்சரிக்கிறது. குறிப்பினை மாற்றாமல் வைத்ததும் வரலாற்றைக் காப்பதே. அக்காலத்தார் எப்படிப் பேசினர் என்பதற்கு அது சான்றன்றோ?

படம் எடுக்கப்பட்ட நாள் தெரியாவிடில் பெரும்பிழை நேரும். வண்ண ஓவியங்கள் நிறைந்த சுவர்ப்பகுதி ஒன்றின் படம் இணையத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது. அதனைக் கண்டவர், கிழக்கு பெர்லின் மக்கள் சுவரில் ஓவியம் தீட்டித் தம் எதிர்ப்பைக் காட்டினர் என எண்ணக்கூடும். உண்மையில் சுவர் நின்ற காலத்தில் ஓவியங்கள் மேற்குப் பக்கத்திலேயே இருந்தன. கிழக்குப் பக்கத்தில் காவலும் ஒளிவிளக்குகளும் சூழ்ந்திருந்தமையால் பொதுமக்கள் சுவரை நெருங்கவே இயலவில்லை. ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஓவியச்சுவர், எல்லை திறந்த பின் 1990ஆம் ஆண்டு 21 நாடுகளைச் சேர்ந்த 118 ஓவியர்கள் தீட்டியது. ஆண்டினைச் சரிபார்க்காதவர் பொருளையே மாற்றிவிடுகிறார்.

நிலப்படத்தில் மறைந்த நகரம்

மேற்கு பெர்லினின் சில ரயில் தடங்கள் கிழக்கு பெர்லினின் அடியில் சுரங்கவழியாகச் சென்றன. சுவர் எழுந்தபின் இடையிலிருந்த நிலையங்கள் மூடப்பட்டன. ரயில்கள் அங்கு நில்லாமல் சென்றன. மங்கிய ஒளியில் காவலர் மட்டும் நின்ற அந்நிலையங்களைப் 'பேய் நிலையங்கள்' என மக்கள் அழைத்தனர்.

மேற்கின் ரயில் படங்கள் அவற்றை ரயில் நில்லாத நிலையங்கள் எனக் குறித்தன. கிழக்கின் படங்களில் அத்தடங்களே இல்லை. மேற்கு பெர்லின் முழுவதும் வெற்றிடமாக விடப்பட்டது. தரைக்கு மேலிருந்த மக்களுக்குக் கீழே ரயில் ஓடும் அதிர்வு தெரிந்தது. கையிலிருந்த படத்திலோ அந்த ரயில் இல்லை. ஒரே ஆண்டில் இருபுறமும் அச்சான இரண்டு படங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், வெற்றிடமும் ஒரு செய்தி என்பது விளங்கும்.

எண்ணிக்கை எவ்வாறு உருவாகிறது?

பெர்லின் சுவரில் இறந்தோர் எத்தனை பேர் என்று தேடினால் பல எண்கள் கிடைக்கும். போட்ஸ்டாம் நகரின் சமகால வரலாற்று ஆய்வு மையமும் பெர்லின் சுவர் நினைவகமும் இணைந்து ஆராய்ந்து, 2009ஆம் ஆண்டில் 136 பேர் என வெளியிட்டன. பின்னர்க் கிடைத்த சான்றுகளால் அவ்வெண் குறைந்தது 140 என உயர்ந்தது. அவர்களுள் 101 பேர் தப்பிச் செல்ல முயன்றபோது இறந்தவர்கள்; 30 பேர் தப்பும் நோக்கமின்றி எல்லையில் சுடப்பட்டோ விபத்திலோ இறந்தவர்கள்; 8 பேர் பணியிலிருந்த கிழக்கு ஜெர்மன் எல்லைக் காவலர்கள்; ஒருவர் சோவியத் படைவீரர்.

வேறு கணக்குகளில் 200க்கும் மேற்பட்ட எண் காணப்படுகிறது. யாரைச் சேர்ப்பது என்னும் வரையறை மாறும்போது எண்ணும் மாறுகிறது. சான்றாக, எல்லைச் சோதனையின்போதோ அதன் பின்னரோ, பெரும்பாலும் மாரடைப்பால், இறந்த பயணியர் குறைந்தது 251 பேர். இவர்கள் 140 என்னும் எண்ணில் அடங்கவில்லை. ஆகவே ஓர் எண்ணை எடுத்தெழுதும் மாணவர், எண்ணியவர் யார், எப்போது எண்ணினார், யாரைச் சேர்த்தார் என்னும் மூன்றையும் உடன் எழுதுதல் வேண்டும். அந்த எண்ணில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் மகனோ மகளோ ஆவர். கணக்கில் காட்டும் கவனம் அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகும்.

கிழிக்கப்பட்ட தாள்கள்

கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை தன் மக்களைப் பற்றியே கோப்புகளை எழுதிச் சேர்த்தது. ஆட்சி தளர்ந்தபோது அதிகாரிகள் கோப்புகளை அழிக்கத் தொடங்கினர். 1990ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பெர்லின் மக்கள் உளவுத்துறைத் தலைமையகத்துக்குள் நுழைந்தனர். வரிசையில் அடுக்கினால் 100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கோப்புகளும், கிழித்த தாள்கள் அடைத்த ஏறத்தாழ 16,000 மூட்டைகளும் எஞ்சின. 1991ஆம் ஆண்டு இறுதியில் இயற்றப்பட்ட சட்டப்படி, மக்கள் தம்மைப் பற்றிய கோப்பினைத் தாமே படிக்கும் உரிமை பெற்றனர்.

அக்கோப்புகளில் சில இன்று இணையத்திலும் உள்ளன. அவற்றைப் படிப்பவர் ஒன்றை மறத்தலாகாது. உளவு பார்த்தவர் எழுதிய குறிப்பு, பார்க்கப்பட்டவரின் வரலாறு ஆகாது. அது எழுதியவரின் அச்சத்தையும் ஆட்சியின் ஐயத்தையும் காட்டும்.

தமிழரும் பெர்லின் சுவரும்

சுவர் கிழக்கு ஜெர்மன் மக்களைத் தடுத்தது. அதே எல்லை வழியாக இலங்கைத் தமிழர் பலர் மேற்கு பெர்லினை அடைந்தனர் என்பதைப் பொதுவான வரலாறுகள் அரிதாகவே குறிக்கின்றன. 1980களில், குறிப்பாக 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின், அவர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் வானூர்தி நிலையத்தில் வந்திறங்கினர். கிழக்கு ஜெர்மனி அவர்களைக் கடந்து செல்ல விட்டது. மேற்கு நாடுகள் பெர்லினை ஒரே நகராகக் கருதியமையால், நகரின் நடுவிலிருந்த கோட்டில் மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. எனவே அவர்கள் நகர ரயிலில் ஏறி மேற்கே சென்று புகலிடம் கோரினர். மேற்கு ஜெர்மனி வலியுறுத்தியதன் விளைவாக, 1985ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், செல்லும் நாட்டின் நுழைவு அனுமதி இல்லாத தமிழரை இவ்வழியே விடுவதில்லை எனக் கிழக்கு ஜெர்மனி ஒப்புக்கொண்டது.

இந்நிகழ்ச்சியின் அரசு ஆவணங்கள் ஜெர்மன் மொழியில் உள்ளன. பயணம் செய்தவர்களின் நினைவுகள் தமிழில் உள்ளன. ஆவணம் ஆண்டையும் ஆணையையும் சொல்லும். ரயிலில் அமர்ந்திருந்தவரின் மனநிலையைச் சொல்லாது. நினைவு மனநிலையைச் சொல்லும்; ஆண்டில் சிறிது பிறழக்கூடும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே வரலாறு முழுமையாகும். ஆங்கிலமும் ஜெர்மனும் மட்டும் அறிந்த ஆய்வாளருக்கு எட்டாத சான்றுகளைத் தமிழ் படிக்கத் தெரிந்த மாணவரால் படிக்க முடியும். பிறமொழி வழங்கும் ஊரில் வளர்ந்தாலும் தாய்மொழியை எழுதவும் படிக்கவும் கற்பதன் பயன்களுள் இதுவும் ஒன்று.

ஆய்வின் படிகள்

1. வினாவை ஒரு வரியில் எழுதுக. 'பெர்லின் வரலாறு' என்பது வினாவன்று; '1961இல் பெர்னவர் தெருவில் வாழ்ந்தோர்க்கு என்ன நேர்ந்தது?' என்பது வினா.
2. இருபுறத்தார் வழங்கிய பெயர்களையும் பழைய இடப்பெயர்களையும் தேடுசொற்களாகப் பட்டியலிடுக.
3. கலைக்களஞ்சியக் கட்டுரையைத் தொடக்கமாகக் கொள்க. அதில் நிறுத்திவிடாமல் ஆவணக்காப்பகம், நினைவகம் ஆகியவற்றின் தளங்களுக்குச் செல்க.
4. ஒவ்வொரு சான்றிடமும் நான்கு வினாக்கள் கேட்க: யார் உருவாக்கியது? எப்போது? யாருக்காக? எதனை விட்டுவிட்டது?
5. ஒரு செய்தியை வெவ்வேறு பக்கத்தைச் சேர்ந்த இரண்டு சான்றுகளேனும் உறுதிசெய்கின்றனவா எனப் பார்க்க. ஒரே கட்டுரையைப் பத்துத் தளங்கள் படியெடுத்திருந்தால் அது ஒரு சான்றே.
6. சான்றுகள் முரண்பட்டால் முரண்பாட்டையும் எழுதுக. மறைத்தல் ஆய்வுக்கு அழகன்று.
7. மொழிபெயர்ப்புக் கருவியில் படித்த பகுதியை அம்மொழி அறிந்தவரிடமோ வேறு கருவியிலோ சரிபார்க்க.

சொல்லும் பொருளும்

அரண் – பாதுகாப்பு, கோட்டை
உய்த்துணர்தல் – குறிப்பால் அறிதல்
சார்பு – ஒருபக்கம் சாய்தல்
துணுக்கு – சிறு பகுதி
புகலிடம் – அடைக்கலம்
பிறழ்தல் – மாறுபடுதல்

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்து எழுதுக.

1. கிழக்கு ஜெர்மன் அரசு சுவரை அழைத்த பெயர்
(க) அவமானச் சுவர் (ங) பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண் (ச) பேய் நிலையம்

2. ஓவியச்சுவரின் ஓவியங்கள் தீட்டப்பட்ட ஆண்டு
(க) 1961 (ங) 1985 (ச) 1990

ஆ. பிரித்து எழுதுக.
முதற்சான்று, அவ்வெல்லை, தேடுசொற்கள், அந்நிலையங்கள்

இ. இரண்டு வரிகளில் விடை எழுதுக.
1. முதன்மைச் சான்று, துணைமைச் சான்று: வேறுபாடு யாது?
2. கிழக்கு பெர்லின் நிலப்படத்தில் இருந்த வெற்றிடம் எதனை உணர்த்துகிறது?
3. உல்பிரிக்டின் கூற்று பொய்யாயினும் அப்பதிவு பயன்படுவது எவ்வாறு?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. இறந்தோர் எண்ணிக்கை கணக்குக்குக் கணக்கு வேறுபடுவதன் காரணங்களை விளக்குக.
2. 'நினைவும் ஆவணமும் ஒன்றையொன்று நிறைவு செய்யும்.' இக்கருத்தை இலங்கைத் தமிழரின் பயணத்தைக் கொண்டு நிறுவுக.

உ. ஆய்வுச் செயல்பாடு
1. வாழும் நகரில் பெயர் மாறிய ஒரு தெருவையோ ரயில் நிலையத்தையோ தேர்ந்தெடுக்க. பழைய பெயர், மாறிய ஆண்டு, மாற்றியவர், காரணம் ஆகியவற்றை இரண்டு வெவ்வேறு சான்றுகளிலிருந்து திரட்டி எழுதுக.
2. குடும்பம் சொந்த ஊரைவிட்டு வந்த கதையை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் தமிழிலேயே கேட்டு, அவர் கூறியவாறே எழுதுக. அதில் வரும் ஆண்டு ஒன்றைப் பழைய கடிதம், பயணச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுடன் ஒப்பிடுக. இரண்டும் வேறுபட்டால், இரண்டையும் எழுதிக் காரணத்தை ஆராய்க.
3. அறிவுடைமை அதிகாரத்தில் இப்பாடக் கருத்துக்குப் பொருந்தும் குறள் ஒன்றைக் கண்டு எழுதி, அதன் பொருளை வகுப்பில் கூறுக.